யாரோடு சாப்பிடுகிறாய்?

(ஆதரவாளர்கள் கூடுகையில் எங்கள் ஆஸ்பத்திரிப் போதகர் ஆற்றிய உரை)



ஆதரவாளர் கூடுகை என்றால் வார்டுகளைப் பற்றியும், பழுதான ஜெனரேட்டரைப் பற்றியும், ஏழை நோயாளிகளின் நிதியைப் பற்றியும் பேச்சு இருக்கும் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றையெல்லாம் நிர்வாக அதிகாரி பேசிவிட்டார். எங்களைவிட நன்றாகவே பேசினார். எங்களுக்கென்று கொடுத்த நேரத்தில் வேறொரு காரியத்தை உங்கள் முன் வைக்க அனுமதி கேட்கிறோம். உங்களில் பலருடைய வீட்டிலோ, தெருவிலோ, சபையிலோ இந்த ஆண்டு ஒரு பிள்ளை கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருக்கும். அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

ஆஸ்பத்திரிப் போதகருக்கும் கல்லூரிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் ஒருநாள் காலையில் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் வந்து உட்கார்ந்து பாருங்கள், தெரியும். வயது பதினேழு, பதினெட்டு. வயிற்றுவலி என்பார்கள், தலைவலி என்பார்கள், ராத்திரி தூக்கமில்லை, சாப்பிட்டால் வாந்தி வருகிறது என்பார்கள். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இராது. ஸ்கேனிலும் ஒன்றும் இராது. கூட வந்த தாயார் மாத்திரம், "நல்லாத்தான் இருந்தான் டாக்டரம்மா, காலேஜுக்குப் போனதிலிருந்துதான் இப்படி" என்பார்கள். வலி பொய்யல்ல என்று எங்கள் மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். மனக்கலக்கம் குடலில் வந்து நிற்கும். வலி உண்மையாகவே வலிக்கும். அப்படிப்பட்டவர்களைத்தான் கொஞ்சம் பேசிப் பாருங்கள் என்று எங்களிடம் அனுப்புவார்கள்.

அப்படி அனுப்பப்பட்ட ஒரு பையனைப் பற்றிச் சொல்லுகிறோம். பேரும் ஊரும் சொல்லமாட்டோம். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கான கட்டுத்துணி நெய்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் டிரெஸ்ஸிங் அறையில் நாங்கள் பிரிக்கும் பேண்டேஜ் சுருளிலும் அந்தப் பக்கத்துத் தறியின் உழைப்பு இருக்கிறது. அந்தப் பக்கத்துக் குடும்பம். தகப்பனாருக்கு விசைத்தறி, தாயார் துணி மடித்துக் கட்டும் வேலை. பையன் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து முதலாவதாக வந்தவன். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதன்மூலம் வெளியூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் இவனுக்கு இடம் கிடைத்தது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்றுக்கொண்டது. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். ஊரே பஸ் ஏற்றிவிட்டது.

ஆறாம் வாரம் வயிற்றுவலி என்று வந்தான். எங்களிடம் அனுப்பினார்கள். நாங்கள் இருபது நிமிஷம் பேசினோம். தகப்பனாருடைய வியர்வையைப் பற்றிப் பேசினோம். தாயாருடைய கைகளைப் பற்றிப் பேசினோம். கிடைத்த வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று கேட்டோம். எல்லாவற்றுக்கும் "சரிங்கய்யா" என்றான். தலையில் கைவைத்து ஜெபம் பண்ணி அனுப்பினோம். நல்ல ஊழியம் செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு தேநீர் குடிக்கப் போனோம்.

அன்று நாங்கள் செய்தது தவறு. ஏற்கெனவே பாரத்தால் குனிந்திருந்தவன் முதுகில் இன்னொரு மூட்டையை ஏற்றி அனுப்பியிருக்கிறோம். தீபாவளிக்கு முந்தின வாரம் நல்ல மழையில் அவன் தகப்பனார் மருந்தகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "பய காலேஜுக்கே போகலையாம்யா" என்றார். ஒன்பது நாளாய் வருகைப் பதிவு இல்லையென்று கல்லூரியிலிருந்து போன் வந்திருக்கிறது. காலை எட்டரைக்குப் பையை மாட்டிக்கொண்டு விடுதியைவிட்டுப் புறப்படுவான். அந்த நகரத்துப் பஸ் நிலையத்தில் போய் உட்காருவான். சாயங்காலம் நாலரைக்குத் திரும்புவான். "அங்கே என்ன செய்வாய்?" என்று பிற்பாடு கேட்டோம். "நம்ம பக்கத்து பஸ் வந்தா ராஜபாளையம்னு போர்டு போட்டிருக்கும்யா, அதைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்" என்றான்.

தகப்பனாரோடு வந்தபோது அவனுக்கு உண்மையாகவே காய்ச்சல் இருந்தது. ஒரு ராத்திரி வார்டில் வைத்திருந்தோம். அன்று இரவுப் பணியில் இருந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தைச் சேர்ந்த மூத்த சிஸ்டர் ஒருவர். வேதசாஸ்திரம் படித்தவரல்ல. விடியற்காலை இரண்டு மணிக்கு டிரிப்ஸ் மாற்றப் போனவர், விழித்துக்கிடந்த பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, ஹாஸ்டல்ல யாரோட சாப்பிடுவ?"

அவ்வளவுதான். அதற்குமேல் அவன் அழ ஆரம்பித்துவிட்டான்.

முதல் வாரத்தில் சாப்பாட்டு மேஜையில் கட்-ஆஃப் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். சொன்னான். அந்த மார்க்குக்கு இந்தக் கல்லூரி எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்கள். ஏழரை சதவீதத்தில் என்றான். அன்றிலிருந்து அவன் பேர் 'ஏழரை'. நம் ஊரில் ஏழரை என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை. சனி பிடித்தவன் என்கிற கேலி. அடித்தவர் யாருமில்லை, மிரட்டினவரும் இல்லை. விளையாட்டாய்ச் சொன்னார்கள். அதற்குப்பின் அவன் எல்லாரும் சாப்பிட்டு முடித்தபிறகு போய் ஆறின சாதத்தைத் தனியே சாப்பிடுவான். சில நாள் போகவும் மாட்டான். வகுப்பிலோ, பாடம் முழுவதும் ஆங்கிலம். கடைசிச் சுற்றுக் கலந்தாய்வில் இடம் கிடைத்துத் தாமதமாய்ச் சேர்ந்ததால், புதியவர்களுக்கென்று நடத்தும் அறிமுக வகுப்புகளும் அவனுக்குத் தப்பிப்போயின. பொறியியல் வரைபட வகுப்பில் 'புரொஜெக்‌ஷன்' என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே போக, மற்றவர்கள் மினி டிராஃப்டரை வைத்துக் கோடு இழுத்துக்கொண்டிருக்க, இவன் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்திருக்கிறான். எழுந்து நின்று புரியவில்லை என்று சொல்ல ஆங்கிலம் வரவில்லை. தமிழில் சொல்லலாமா என்று தெரியவில்லை. தகப்பனாரிடம் சொல்லலாம் என்றால், போதகர் ஐயாதான் அவருடைய வியர்வையைப் பற்றி அவ்வளவு சொல்லிவிட்டாரே.

"வயித்துவலின்னு சொன்னா எல்லாருக்கும் புரியுது சிஸ்டர்" என்றானாம். சிஸ்டர் வந்து இதைச் சொன்னபோது எங்களுக்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை.

நாங்களும் ஒரு முதலாண்டைக் கடந்து வந்தவர்கள்தான். இறையியல் கல்லூரிக்குத் தகரப்பெட்டியோடு போனபோது, வேதத்தை ஓரளவு அறிவோம் என்ற எண்ணம் இருந்தது. கிரேக்க வகுப்பு வைத்தார்கள். இருபத்துநான்கு எழுத்தும் மனதில் நிற்க எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. ஆனால் எங்கள் அறையில் நான்கு பேர் இருந்தோம். நான்கு பேருக்கும் வரவில்லை. ராத்திரியில் சேர்ந்து சிரித்துக்கொள்ளுவோம். எங்களைத் தாங்கினது அந்தச் சிரிப்புத்தான் என்று இந்தப் பையனைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நாற்பது வருஷமாக அதை எங்கள் கெட்டிக்காரத்தனம் என்று எண்ணியிருந்தோம்.

நம் பகுதியில் கல்லூரிக்குக் குறைவில்லை. ராஜபாளையத்தில் ராஜுக்கள் கல்லூரி 1973-இல் வந்தது. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி 1984-இல் தொடங்கி, 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 2013-இல் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. 2022-இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. பணத்துக்கும் முன்னைவிட வழி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதலும், ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்காக அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழிலேயே தொடங்கியது. ஆனாலும் மற்றப் பிரிவுகளில் சேருகிற பிள்ளைக்கு ஆங்கிலந்தான். வாசல்வரைக்கும் கொண்டுபோய் விட இப்போது பலர் இருக்கிறார்கள். வாசலைத் தாண்டின பிறகு வருகிற முதல் நூறு நாளுக்குத்தான் ஆள் இல்லை.

இது புதிய காரியமுமல்ல. மிஷன் ஆஸ்பத்திரி வரலாறு அறிந்த உங்களுக்கு வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையாரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1918-இல் அவர்கள் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்க அனுமதி கேட்டபோது, ஆறு விண்ணப்பம் வந்தாலே அதிகம் என்று அரசாங்கத்தின் பெரிய மருத்துவ அதிகாரி சொன்னாராம். வந்தவை 151. சேர்த்துக்கொண்டது 17 பேரை. சொந்தக் கட்டடம் இல்லை, கருவிகள் மிகக் கொஞ்சம், உடற்கூறு பாடத்தை அம்மையாரே நடத்தினார்கள். முதலாண்டு முடிவில் அரசாங்கத் தேர்வு. அந்தத் தேர்வில் ஆண்கள் பள்ளிகளிலேயே பெரும்பாலோர் தவறிவிடுவது அந்நாள் வழக்கம். உங்கள் பெண்களில் ஒருத்தி தேறினாலும் சந்தோஷப்படுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். 14 பெண்கள் எழுதினார்கள். 14 பேரும் தேறினார்கள். நாங்கள் இதைப் பலமுறை மேடைகளில் அற்புதம் என்று சொல்லியிருக்கிறோம். இப்போது வேறுவிதமாகவும் தோன்றுகிறது. அந்த 14 பேருக்கு, புரியவில்லை என்று போய்ச் சொல்ல ஓர் ஆள் இருந்தார்கள். அந்த ஆள் அவர்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களாய் இருந்தார்கள்.

பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட தானியேலும் மூன்று வாலிபரும் நினைவுக்கு வருகிறார்கள். புது பாஷை, புதுச் சாப்பாடு, புதுப் பேர். மூன்று வருஷப் படிப்பு. அவர்களுடைய விசுவாசத்தைப் பற்றி நாங்கள் நிறையப் பிரசங்கித்திருக்கிறோம். அவர்கள் நான்கு பேராய் இருந்தார்கள் என்பதைப் பற்றி ஒருநாளும் பிரசங்கித்ததில்லை.

பெற்றோர் எங்களிடம் கேட்கிற முதல் கேள்வி ராகிங்கைப் பற்றியது. அதில் நியாயம் உண்டு. 1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவன் நாவரசு கொலையுண்டதை நம் வயதுக்காரர் எவரும் மறக்கவில்லை. அதைத் தொடர்ந்துதான் 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் இந்தியா முழுமைக்கும் விதிகள் கொண்டுவந்தது. இருபத்துநான்கு மணி நேரமும் எடுக்கிற தொலைபேசி எண் ஒன்று உண்டு: 1800-180-5522. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு மனம் தாளாமல் போனால், உயிரை மாய்த்துக்கொள்ளுவதைப் பற்றி ஒரு வார்த்தை வாயில் வந்தாலும், 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அதற்குமேல் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவாருங்கள். ஆனால் 'ஏழரை' என்று ஒரு பேர் வைப்பதைப் பிள்ளைகள் ராகிங் என்று எண்ணுகிறதில்லை. பேர் வைத்தவனும் எண்ணுகிறதில்லை, பட்டவனும் எண்ணுகிறதில்லை. ஆகையால் ராகிங் உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

பெண்பிள்ளைகளின் கஷ்டம் வேறு விதம். தினமும் வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய்வருகிற பிள்ளைகளைச் சொல்லுகிறோம். காலை ஆறரைக்குப் பஸ் பிடித்து, மாலை ஆறரைக்கு வந்து, பாத்திரம் தேய்த்து, தம்பிக்குச் சோறு போட்டு, அதற்கப்புறம் புத்தகத்தை எடுக்கிறாள். பெரியவர்கள் அந்நேரம் வரன் பேச்சை எடுக்கிறார்கள். மகள் மயங்கி விழுந்தாள் என்று கூட்டிவருகிறவர்களிடம் எங்கள் மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரையோடு இன்னொன்றும் எழுதிக் கொடுத்தார்: சாயங்காலம் ஒரு மணி நேரம் இவளை யாரும் கூப்பிடக்கூடாது. மருந்துச் சீட்டில் எழுதியிருந்ததால் பாட்டியும் மதித்தார்கள்!

பையனுடைய காரியத்துக்கு வருகிறோம். காய்ச்சல் விட்டபின் சிஸ்டர் அவனுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தார். அவரும் தமிழ் வழியில் படித்து நர்ஸிங் சேர்ந்தவர். உடற்கூறு வகுப்பில் ஆசிரியை சொல்லுகிற வார்த்தையைக் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு, ராத்திரி அகராதியில் தேடினவர். அதையே இவனுக்கும் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாளைக்கு ஐந்து வார்த்தை, அதற்குமேல் வேண்டாம். கடைசி வரிசையிலிருந்து இரண்டாம் வரிசைக்கு வந்துவிடு. வகுப்பில் கேட்கக் கூச்சமாய் இருந்தால் வகுப்பு முடிந்து வராந்தாவில் கேள், தமிழில் கேள். இவ்வளவுதான் சிஸ்டரின் பாடத்திட்டம்.

நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று. தகப்பனாரோடு கல்லூரிக்குப் போனோம். அவனுக்கு ஆலோசகராய் நியமிக்கப்பட்டிருந்த பேராசிரியை இளவயதுக்காரர், நல்ல மனுஷி. அவர் பொறுப்பில் இருபதுக்கு மேற்பட்ட மாணவர்கள். இவன் வராததைக் கவனித்தவரும் போன் செய்யவைத்தவரும் அவர்தான். "நானும் சங்கரன்கோவில் பக்கம்தான் சார், தமிழ் மீடியம்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?" என்று பையனைப் பார்த்துக் கேட்டார். பையன் தலைநிமிர்ந்து பார்த்தான். அந்த அம்மாளும் தமிழ் மீடியம் என்பது அவன் கனவிலும் எண்ணாத காரியம். மறுநாளே மூன்றாம் ஆண்டில் படிக்கிற நம் பக்கத்துப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, இவனைச் சாப்பாட்டுக்கு உன்னோடு கூட்டிக்கொண்டுபோ என்று ஒப்படைத்தார். அவனும் பெரிய மனதோடு அப்படியே செய்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் சொன்னால் அது பொய்யாகும். முதல் பருவத்தேர்வில் கணிதத்திலும் வரைபடத்திலும் அரியர் வைத்தான். தகப்பனார் இடிந்துபோனார். அரியர் என்றால் பையனைக் கல்லூரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்று எண்ணியிருக்கிறார். அடுத்த பருவத்தில் திரும்ப எழுதலாம், வருஷம் வீணாகாது என்று விளக்க எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. இதைப் பெற்றோருக்கு யாரும் சொல்லுவதில்லை. பள்ளிக்கூடத்தில் ஃபெயில் என்றால் ஃபெயில்தான் என்று பழகினவர்கள் அவர்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். 2022 முதல் முதலாண்டில் 'தமிழர் மரபு' என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். அதில் வகுப்பிலேயே இவன் மார்க்குத்தான் அதிகம். ஏழரை என்று கூப்பிட்டவர்களில் இரண்டு பேர் தேர்வுக்கு முந்தின நாள் அந்தப் பாடத்தைச் சொல்லித்தரக் கேட்டு இவன் அறைக்கு வந்தார்களாம். அதைச் சொன்னபோதுதான் அவன் சிரித்து முதன்முதலாகப் பார்த்தோம். இப்போது இரண்டாம் ஆண்டு. வரைபடத்தைத் திரும்ப எழுதித் தேறிவிட்டான். கணிதம் இன்னும் நிற்கிறது.

கடைசியாக ஒரு விண்ணப்பம். விடுமுறைக்குப் பிள்ளைகள் பொதிகை ரயிலிலும் மதுரை பஸ்ஸிலும் வந்து இறங்குவார்கள். ஸ்டேஷனில் வைத்தே எத்தனை மார்க் என்று கேட்டுவிடாதீர்கள். யாரோடு சாப்பிடுகிறாய் என்று கேளுங்கள். ஒரு பேர் சொன்னால் அடுத்த முறை அந்தப் பேரைச் சொல்லி விசாரியுங்கள்; பேர் ஒன்றும் வரவில்லையென்றால் எங்களுக்குத் தெரிவியுங்கள். ஒவ்வொரு சபையிலும் இந்த ஆண்டு முதலாண்டு சேர்ந்தவர்கள் யார், எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று ஒரு பட்டியல் எழுதித் தரும்படி கேட்கிறோம். அதே ஊரில், அதே கல்லூரியில் மேல்வகுப்பில் படிக்கிற நம் பக்கத்துப் பிள்ளைகளின் பேரையும் சேர்த்து எழுதுங்கள். நம் சபைப் பிள்ளைகள் மாத்திரமல்ல, உங்கள் தெருப் பிள்ளைகள் எவராயிருந்தாலும் எழுதலாம். இருவரையும் சேர்த்துவைக்கிற வேலையை அந்த இரவுப் பணி சிஸ்டரும் நாங்களும் பார்த்துக்கொள்ளுகிறோம். மேஜையின்மேல் வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்திருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகுமுன் எழுதிவிட்டால் எங்களுக்கு உதவியாயிருக்கும்.